பதில் சொல்லாத கிட்டார்

அத்தியாயம் 4

"மேடம், இந்த ஆளு முழியே சரியில்ல!"

கொசு இதைக் காதோடு காதாகத்தான் சொன்னான். அப்படிச் சொன்னதாக அவன் நினைத்துக்கொண்டான் என்பதுதான் சரி. தலையில் மாட்டியிருந்த ஹெட்போன் இரண்டு காதுகளையும் இறுக்கி மூடியிருந்ததால் அவன் குரல் அவனுக்கே எட்டவில்லை. கடைக்கு எட்டியது. கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றவருக்கும் எட்டியது. முழி சரியில்லாத அந்த ஆளோ, கையில் இன்னொரு ஹெட்போன் பெட்டியுடன் கொசுவுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

மேடம் கை நீட்டி கொசுவின் தலையிலிருந்து அதைக் கழற்றினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் கடைக்காரரிடம். "இவன் எப்பவுமே இப்படித்தான். மனசுல நினைக்கறது எல்லாம் வாய்க்கு வந்துரும்."

கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. குற்றமில்லாதவனாக இருந்தால் ஒன்று முழுசாகச் சிரித்திருப்பான், இல்லை சட்டையைப் பிடித்திருப்பான் என்று கொசு கணக்குப் போட்டான்.

மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில், தானாக எரியாத கடைகளையும் தானாகத் தொலையாத நகைகளையும் விசாரித்தே தலை நரைத்தவர். வேலையை விட்ட பிறகு, சலவைக்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்தார். அங்கே டைப்பிஸ்ட், டிரைவர், உதவித் துப்பறிவாளர் எல்லாம் கொசு ஒருவனே. வயது நாற்பதை நெருங்கிவிட்டது, ஆனால் விடாமல் காதருகே ரீங்காரம் போடுவதால் வந்த பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. சந்தேகப்படுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உலகத்து மனிதர்களை அவன் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தான்: மாட்டிக்கொண்டவர்கள், இன்னும் மாட்டிக்கொள்ளாதவர்கள்.

நேற்று ஆபீஸுக்கு வந்த பெண் சொன்ன கதைப்படி, இந்தக் கடைக்காரர் இரண்டாவது வகை.

அவள் கடைக்காரரின் மனைவிக்குத் தங்கை. கணவனோடு ஒத்துப்போகாமல் அக்கா வீட்டுக்கு வந்தவள், அங்கேயே தங்கிவிட்டாள். அக்காவும் பாடுவாள், தங்கையும் பாடுவாள். இருவருக்கும் ஒரே குரல். போனில் பேசினால் பெற்ற தாயே ஆள் மாற்றிக் கூப்பிடுவாளாம். தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் தலைப்புப் பாட்டுக்குப் புதுக் குரல் தேடிய ஒரு இசையமைப்பாளர், பின்னணி இசையை மட்டும் கொடுத்து, "இதைக் காதில் கேட்டுக்கொண்டே பாடி, உங்கள் குரலை மட்டும் பதிவு செய்து அனுப்புங்கள்" என்று அறிவித்திருந்தார். சகோதரிகள் இருவரும் வீட்டிலேயே தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்தார்கள். இரண்டையும் அனுப்பி வைத்தவர் கடைக்காரர். அக்காவின் பெயரில் போன பதிவு தேர்வானது. இசையமைப்பாளர் அதைத் திருப்பி அனுப்பிப் பாராட்டியும் இருந்தார். வீடே கூடிக் கேட்டபோது தங்கையும் கேட்டாள்.

"அது நான் பாடினது மேடம்," என்று மேஜையில் கவிழ்ந்து அழுதாள் நேற்று. "அத்தான் பேரை மாத்தி அனுப்பிட்டார். வாயைத் திறந்து சொன்னா, பொறாமையில பேசறேன்னு சொல்றார். அந்த வீட்ல எனக்குன்னு ஒண்ணுமே கிடையாது மேடம். படுக்கறது அவங்க கட்டில், உடுத்தறது அவங்க துணி. இந்தப் பாட்டு ஒண்ணுதான் என்னோடது."

இசையமைப்பாளரிடமும் அவள் பேசிப் பார்த்திருக்கிறாள். அவர் பிடி கொடுக்கவில்லை. "எனக்கு வேண்டியது அந்தப் பதிவுல பாடின ஆள். அது யாருன்னு உங்களுக்குள்ள பேசி முடிச்சுட்டு நாளைக்குச் சாயங்காலம் ஒருத்தர் மட்டும் ஸ்டுடியோவுக்கு வாங்க. சண்டையைத் தூக்கிட்டு வந்தீங்கன்னா ரெண்டு பேருமே வேண்டாம், வேற குரல் பார்த்துக்கறேன்."

அந்தச் சாயங்காலம் இன்றைக்குத்தான்.

"இவனுக்கு வீட்லயே பாட்டு ரெக்கார்ட் பண்ணணும்னு ஆசை," என்று மேடம் கடைக்காரரிடம் அப்பாவியாக ஆரம்பித்தார். "அதே ஹெட்போன்ல தினமும் பாட்டும் கேக்கணுமாம். ஒண்ணே வாங்கினாப் போதாதா?"

வியாபாரப் பேச்சு வந்ததும் கடைக்காரருக்கு உயிர் வந்தது.

"எல்லாரும் கேக்கற கேள்விதாங்க. தினமும் கேக்கறதுக்கு இனிப்பா பேசறது வேணும். தாளத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும், கரகரப்பைப் பூசி மெழுகிடும். ரெக்கார்ட் பண்றதுக்கு உள்ளதை உள்ளபடி சொல்றது வேணும். நீங்க மூச்சு வாங்கினா, வாங்கினேன்னு போட்டுக் குடுத்துரும். அதை மாட்டிக்கிட்டு தினமும் பாட்டு கேட்டா வாழ்க்கையே வெறுத்துப் போயிரும்."

"என் பொண்டாட்டி அந்த ரெண்டாவது வகைதான் சார்," என்றான் கொசு.

கடைக்காரர் இரண்டு ஹெட்போன்களை எடுத்து மேஜைமேல் அருகருகே வைத்தார். ஒன்றின் வெளிப்பக்கம் சல்லடை மாதிரி துளைகள். மற்றது நாலா பக்கமும் அடைத்த டப்பா.

"இது திறந்தது. காத்துப் போகும், காது வேர்க்காது, நாள் முழுக்க மாட்டிக்கலாம். ஆனா உள்ளே ஓடறது வெளியேயும் கேக்கும். இதைப் போட்டுக்கிட்டு மைக் முன்னாடி பாடினீங்கன்னா, காதுல கேக்கற இசையும் லேசா மைக்ல ஏறிக்கும். லீக்னு சொல்லுவோம். இது மூடினது. கொஞ்ச நேரத்துல காது வெந்துரும். ஆனா பொட்டுச் சத்தம் வெளியே வராது. மைக் முன்னாடின்னா கண்ணை மூடிக்கிட்டு இதை எடுங்க."

"உங்க வீட்ல யாராவது பாடுவாங்களா?" என்றார் மேடம், விலைச்சீட்டைப் பார்த்தபடி.

கடைக்காரரின் கையிலிருந்த துடைக்கும் துணி கீழே விழுந்தது.

"சம்சாரம் பாடுவா."

"அவங்களுக்கு எது குடுத்தீங்க?"

"திறந்ததுதான்."

"மைக் முன்னாடி ஆகாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அவகிட்டயும்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து என் பேச்சை அவ ஒரு தடவையாவது கேட்டிருக்காளா? மூடினதைப் போட்டா காது வேர்க்குதாம். அதைத் தொடவே மாட்டா."

"வீட்ல வேற யாரும் பாடறதில்லையா?"

துணியை எடுக்கக் குனிந்த கடைக்காரர், ஒரு துணியை எடுப்பதற்குத் தேவையானதைவிட அதிக நேரம் குனிந்தே இருந்தார். "மச்சினிச்சி ஒருத்தி இருக்கா," என்று மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "மூடினது அவகிட்ட இருக்கு."

கொசு மேடத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். மேடம் கண்டுகொள்ளவில்லை.

"உள்ளபடி சொல்றது ஒண்ணு குடுங்க. எங்க போன்ல இருக்கற பாட்டைப் போட்டுப் பார்க்கறோம்," என்றார்.

கடையின் ஓரத்தில், பாட்டுக் கேட்டுப் பார்ப்பதற்கென்று திரை போட்ட ஒரு மூலை இருந்தது. ஒரு சோபா, ஒரு சிறிய மேஜை. தேர்வான பதிவை நேற்றே கொசு தன் போனில் வாங்கி வைத்திருந்தான். பஸ்ஸில் பாட்டுக் கேட்கும் தன்னுடைய இயர்போனில் அதைப் பலமுறை கேட்டும் இருந்தான். தேன் மாதிரி ஒரு குரல், அவ்வளவுதான். இப்போது கடைக்காரர் கொடுத்த உண்மை விளம்பியை மாட்டிக்கொண்டு கேட்டவன், முதல் வரி முடிந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். குரல் ஓய்ந்த இடைவெளியில், பக்கத்து வீட்டு ரேடியோ போல மெல்லியதாக ஏதோ இசை கேட்டது.

இந்த முறை ஹெட்போனை ஒழுங்காகக் கழற்றிவிட்டுத்தான் பேசினான்.

"மேடம், குடி முழுகிப் போச்சு. லீக் இருக்கு! லீக்னா திறந்த ஹெட்போன். திறந்த ஹெட்போன்னா அக்கா. அப்ப இது அக்கா பாடினதுதான். நம்ம கட்சிக்காரம்மா நல்லாக் கரடி விட்டிருக்கா. அழுத அழுகையில நம்ம மேஜையே ஊறிப்போச்சு, அத்தனையும் நடிப்பு!"

"ம்."

"கடைக்காரர் மேல நான் வீணா சந்தேகப்பட்டேன். ஆனா முழி சரியில்லங்கறதுல மாத்தமில்ல."

"பின்னணி இசை வச்சிருக்கியா? அதைக் கேளு முதல்ல."

கொசு கேட்டான். அருமையான இசை. இடது காதில் புல்லாங்குழல் கொஞ்சலாக ஏதோ கேட்கும், வலது காதில் கிட்டார் பதில் சொல்லும். மறுபடி அது கேட்கும், மறுபடி இது சொல்லும். நடுவில் மெல்லிய தாளம். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வரும் புதுத் தம்பதி மாதிரி இருந்தது அவனுக்கு.

"சரி, இப்ப குரல் பதிவை மறுபடி போடு. இடைவெளியில என்ன கேக்குது?"

"புல்லாங்குழல்."

"அப்புறம்?"

"தாளம், ரொம்ப லேசா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல மேடம். நல்லா காது கொடுத்துத்தான் கேட்டேன்."

"அந்த ஒண்ணுமில்லாததுதான் எனக்கு இடிக்குது," என்று சொல்லிவிட்டு மேடம் எழுந்தார். மேற்கொண்டு விளக்கம் கேட்டால் கிடைக்காது என்பது கொசுவுக்கு அனுபவத்தில் தெரியும். கேட்டுப் பார்த்தான். கிடைக்கவில்லை.

மேடம் நேரே போய்த் தன் அடையாள அட்டையைக் கடைக்காரரின் முன்னால் வைத்தார். அதைப் படித்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அவதானே அனுப்பினா?" என்றார் மெதுவாக. "என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? நான் யாரையும் ஏமாத்தல."

"ரெண்டு பதிவுக்கும் பேரு போட்டது யாரு?"

"நான்தான். வீட்டுக் கம்ப்யூட்டர்ல ரெண்டும் பேரில்லாம கிடந்துது. ரெண்டு பேரும் ஒரே குரல். கேட்டுப் பார்த்தேன். ஒண்ணுல லீக் இருந்துது, இன்னொண்ணு சுத்தம். இது என் தொழில். லீக் இருந்தா திறந்தது, திறந்ததுன்னா என் சம்சாரம். பேரைப் போட்டு அனுப்பிட்டேன். இதுல என்ன தப்பு?"

தான் போட்ட கணக்கையே ஒரு நிபுணரும் போட்டிருப்பதைக் கேட்டு கொசுவுக்கு மார்பு விரிந்தது.

"இன்னொரு பதிவு எங்க? அந்தச் சுத்தமானது?"

"அது அழிஞ்சு போச்சு."

"அழிஞ்சுதா, அழிச்சீங்களா?"

"அழிச்சேன். கம்ப்யூட்டர்ல எடம் பத்தல."

"ஒரு பாட்டுக்கு எடம் பத்தாத கம்ப்யூட்டரா?" என்றான் கொசு. "சார், என் சட்டைப் பையில ஆயிரம் பாட்டு கிடக்கு. போனும் பழசு, சட்டையும் பழசு."

கடைக்காரரின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. பொய் சொல்லிப் பழகாதவர் என்பது மட்டும் தெரிந்தது. எதற்காகப் பழகுகிறார் என்பது தெரியவில்லை.

"உங்க வீட்டுக்குப் போகலாம்," என்றார் மேடம். "உங்க சம்சாரம் ஸ்டுடியோவுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி."

வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. மழை விட்டு, படிக்கட்டெல்லாம் ஈரம். படி ஏறும்போது கொசு கடைக்காரரின் முதுகைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கம்பி நீட்டினால் பிடிக்க வேண்டுமே.

கதவைத் திறந்தவள் தங்கை. மேடத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. உள்ளே அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் அந்தத் துளை போட்ட ஹெட்போன் மாலை போலத் தொங்கியது.

"யாரு இவங்க?"

"துப்பறியறவங்க," என்றாள் தங்கை. "நான்தான் போய்ப் பார்த்தேன்."

இஸ்திரிப்பெட்டி மேஜைமேல் ஓங்கி இறங்கியது. "என் வீட்ல இருந்துக்கிட்டு, என் சோத்தைத் தின்னுக்கிட்டு, என் மேலயே ஆள் வைக்கறியா? உனக்கு நான் என்னடி குறை வச்சேன்?"

"குறையா? என் குரலை எடுத்துக்கிட்டியே, அது போதாதா?"

"உங்க அத்தானைக் கேளு. அவருக்குத் தெரியாதா எது யாருதுன்னு?"

கடைக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்படி ஒரு வீட்டில் கணவன் சுவரைப் பார்க்கிறான் என்றால் ஒன்று சுவரில் பல்லி இருக்க வேண்டும், இல்லை மனதில் ஏதோ இருக்க வேண்டும் என்று கொசு நினைத்தான். பல்லியைக் காணோம்.

"சண்டைக்கு நேரமில்லம்மா," என்றார் மேடம். "ரெண்டு பேரும் எனக்காக ரெண்டே ரெண்டு வரி பாடுங்க. அன்னைக்குப் பாடின மாதிரியே. அது போதும்."

பதிவு செய்யும் இடம் படுக்கையறையில் இருந்தது. துணி அலமாரியின் கதவைத் திறந்தால், தொங்கும் துணிகளுக்கு நடுவே மைக். துணி எதிரொலியைக் குடித்துவிடுமாம். கம்ப்யூட்டர் பக்கத்து மேஜையில். அக்கா, கழுத்தில் கிடந்ததைத் தலைக்கு ஏற்றினாள். கண்ணை மூடி, இரண்டு உள்ளங்கைகளாலும் இரண்டு காதுகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு பாடினாள். நன்றாகவே பாடினாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு தங்கை. ஆணியில் தொங்கிய மூடின ஹெட்போனை எடுத்தாள். வலது பக்கத்தைக் காதில் பொருத்தினாள். இடது பக்கத்தை யோசிக்காமலேயே காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். பாட ஆரம்பித்தாள்.

கொசு எத்தனையோ முறை கேட்ட பாட்டு அது. இருந்தும் கையில் மயிர் கூச்செறிந்தது. அக்காவின் பாட்டு அழகாக இருந்தது, இவள் பாட்டு வலித்தது. இரண்டாவது வரி நடுவில் அவள் சட்டென்று நிறுத்தினாள். எல்லாரும் திகைத்துப் பார்க்க, ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த அறைக்கு ஓடினாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு அங்கிருந்து ஒரு சிணுங்கல் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கும் ஒரு ஆண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நிறுத்திட்டேன், மன்னிச்சுக்கங்க. மறுபடி பாடவா?"

"வேண்டாம்மா. போதும்," என்றார் மேடம். "கொசு, ரெண்டையும் போடு. முதல்ல பெரியவங்க பாடினது."

கடையிலிருந்து எடுத்து வந்த உண்மை விளம்பியை கொசு மாட்டிக்கொண்டான். அக்காவின் குரல் ஓய்ந்த இடைவெளியில் மெல்லிய இசை கசிந்தது. "லீக் இருக்கு. புல்லாங்குழல் கேக்குது. உடனே கிட்டார் பதில் சொல்லுது. ரெண்டுமே இருக்கு."

"இப்ப சின்னவங்க."

கொசுவின் வாய் மெல்லத் திறந்தது. மூடின ஹெட்போன். பொட்டுச் சத்தம் வெளியே வரக்கூடாத ஹெட்போன். அதிலும் லீக் இருந்தது. புல்லாங்குழல் கேள்வி கேட்டது. கேட்டுவிட்டுக் காத்திருந்தது. கிட்டாரிடமிருந்து பதிலே இல்லை.

"மேடம், தேர்வான பதிவுலயும் இதேதான்!"

"மூடின டப்பாவா இருந்தாலும், ஒரு பக்கத்தைக் காதுலேருந்து எடுத்து விட்டா அந்தப் பக்கம் கசியும்," என்றார் மேடம். "இடது பக்கம் ஓடறது புல்லாங்குழல். இடது காதைத் திறந்து வச்சிருக்கறவங்க பாடினா புல்லாங்குழலும் நடுவுல ஓடற தாளமும்தான் மைக்ல ஏறும். திறந்த ஹெட்போனா இருந்தா ரெண்டு பக்கமும் கசிஞ்சு கிட்டாரும் சேர்ந்து வந்திருக்கணும். தேர்வான பதிவுல கிட்டார் இல்ல. அதைப் பாடினது உங்க தங்கச்சி."

கடையில் விரிந்த மார்பு கொசுவுக்கு இப்போது சுருங்கிவிட்டது. நிபுணரின் முகத்தைப் பார்த்தான். அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

அக்கா மட்டும் அசரவில்லை. "அப்படியே இருக்கட்டும். இவர் கைத்தவறா மாத்திப் போட்டிருப்பார். எனக்கு எப்படித் தெரியும்? நான் என் பாட்டுன்னுதான் நினைச்சேன்."

"சார், நீங்க அழிச்சதா சொன்னீங்களே, அந்த இன்னொரு பதிவுல லீக் இருந்துதா?" என்றார் மேடம்.

"இல்லையே, அது சுத்தமாத்தான்..." என்று ஆரம்பித்த கடைக்காரர், சொல்லி முடிக்காமல் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"உங்க சம்சாரம் எப்பவும்போல திறந்ததை மாட்டிக்கிட்டுப் பாடியிருந்தா அது சுத்தமா இருந்திருக்க முடியாது. இப்பப் பாடிக் காட்டினாங்களே, எவ்வளவு கசிஞ்சுது பார்த்தீங்கல்ல? அன்னைக்கு அவங்க மாட்டினது தங்கச்சியோட மூடினதை. ரெண்டு காதையும் அழுத்தி மூடிக்கிட்டு."

கடைக்காரர் நம்ப முடியாதவர் போலக் கேட்டார்: "நீ என் பேச்சைக் கேட்டியா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "முக்கியமான பாட்டாச்சே. லீக் இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்களேன்னு..."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவர் பேச்சைக் கேட்டது அந்த ஒரு நாள்தான். கேட்க மாட்டாள் என்று நம்பித்தான் அவர் பெயரைப் போட்டிருந்தார். வேறு சமயமாக இருந்தால் இதை வைத்துக்கொண்டு கொசு ஒரு வாரம் ஓட்டியிருப்பான். அறையில் இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"அந்தச் சுத்தமான பதிவை அழிச்சது நீங்க இல்ல சார்," என்றார் மேடம். "உங்களுக்கு அதை அழிக்கக் காரணமே இல்ல. உங்களைப் பொறுத்தவரைக்கும் அது தோத்துப்போன தங்கச்சி பாட்டு. அதை இதோட பக்கத்துல வச்சு யாரும் கேட்டுடக் கூடாதுன்னு யாருக்குப் பயம்? அது தன்னோடதுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான்."

"நான்தான் அழிச்சேன்," என்றார் கடைக்காரர் மறுபடியும். குரலில் தெம்பில்லை. "இல்ல, இவதான். ஏன்டி அழிச்சேன்னு கேட்டேன். அழுதா. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. மேல கேக்க தைரியம் வரல."

"போதும், விடுங்க," என்றாள் அக்கா. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கொசு எதிர்பார்த்த கத்தலும் கூப்பாடும் வரவில்லை. "எல்லாரும் கூடிக் கேட்டப்போ முதல் வரியிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் அந்த இடத்துல மூச்சு வாங்குவேன், இவ வாங்க மாட்டா. சொல்லணும்னுதான் திரும்பினேன். பார்த்தா இவர் கண்ணுல தண்ணி. இத்தனை வருஷம் பாடறேன், என் பாட்டுக்கு இவர் கண் கலங்கி நான் பார்த்ததில்ல. நீ இவ்வளவு நல்லாப் பாடுவியான்னு கேட்டார். அது நான் இல்லன்னு எந்த வாயால சொல்றது?"

கடைக்காரருக்கு இப்போதும் கண் கலங்கியிருந்தது. அதை அவர் மறைக்க முயலவில்லை.

"அத்தானை எவ்வளவு பேசினேன்," என்றாள் தங்கை. "திருடன்னு சொன்னேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தியே அக்கா."

இறுக்கத்தைத் தளர்த்தலாம் என்று கொசுவுக்குத் தோன்றியது. அது அவன் செய்த தப்பு. "ஏம்மா, ஒரு காதைத் திறந்து வச்சுப் பாடறது சுருதி தப்பாம இருக்கறதுக்கா? பெரிய பாடகருங்க அப்படிப் பாடறதைப் பார்த்திருக்கேன்."

"சுருதிக்கு இல்ல சார். இவன் முழிச்சு அழுதா காதுல விழணுமே." தங்கை இடுப்பிலிருந்த குழந்தையை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். "அக்கா பாடறப்போ நான் பார்த்துப்பேன். நான் பாடறப்போவும் நான்தான் பார்த்துக்கணும்."

கொசு அதுவரை அந்தக் குழந்தையை அவளுடையது என்றே நினைத்திருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது யார் குழந்தை என்று புரிந்தது. எத்தனையோ குற்றவாளிகள் பிடிபட்டதை அவன் பார்த்து ரசித்திருக்கிறான். இதை ரசிக்க முடியவில்லை.

அக்கா எழுந்து போனை எடுத்தாள். இசையமைப்பாளரைக் கூப்பிட்டாள். "சார், அந்தப் பதிவுல பாடினது நான் இல்ல. என் தங்கச்சி. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. ஒருத்திதான் வருவா. அவதான் வருவா." அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார்கள். "ஆமா சார், எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள். போனை வைத்துவிட்டுத் தங்கையைப் பார்க்காமல் சொன்னாள்: "கிளம்பு. மழை மறுபடி வர்றதுக்குள்ள போ. இஸ்திரி போட்டு வச்ச புதுத் துணியைப் போட்டுக்க, உனக்குத்தான் நல்லாயிருக்கும்."

தங்கை இஸ்திரி போட்ட துணியைத் தொடவில்லை. உடுத்தியிருந்ததோடு பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதில் மாற்றுத் துணிகளையும் எடுத்து வைத்துக்கொண்டாள் என்பதை அந்த அறையில் எல்லாரும் பார்த்தார்கள். குழந்தையை அக்காவின் கையில் கொடுத்தாள்.

"ராத்திரி வந்துடுவேல்ல?" என்றாள் அக்கா.

"தெரியலக்கா. கூட வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தி இருக்கா. கொஞ்ச நாள் அவளோட இருக்கலாம்னு பார்க்கறேன்."

"எங்க வண்டியிலயே வாம்மா, ஸ்டுடியோவுல இறக்கி விடறோம்," என்றார் மேடம். தங்கை தலையசைத்தாள்.

அவர்கள் வாசலுக்குப் போவதற்குள் குழந்தை விஷயத்தைப் புரிந்துகொண்டது. "சித்தி! சித்தி!" என்று அம்மாவின் தோளிலிருந்து திமிறிக்கொண்டு கையை நீட்டி வீறிட்டது. அக்கா அதை மடியில் போட்டாள், நெஞ்சோடு அணைத்தாள், பாடினாள். அந்த அழகான குரலில், அக்கம்பக்கமெல்லாம் புகழ்ந்த அந்தக் குரலில், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பாட்டு பாடினாள். குழந்தை இன்னும் பலமாக அழுதது.

படி இறங்க ஆரம்பித்திருந்த தங்கை நின்றாள். கொசு மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவள் திரும்பி ஏறிவிடுவாள் என்று நினைத்தான். ஏறிவிடக் கூடாதே என்றும் நினைத்தான்.

அக்கா குழந்தையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். கண்ணெல்லாம் நீர். "ஏய், எந்தப் பாட்டுடி பாடுவ இவனுக்கு? எதைப் பாடினா தூங்குவான்?"

தங்கை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"பாட்டுக்கெல்லாம் தூங்க மாட்டான் அக்கா," என்றாள். "பேசாம தோள்ல போட்டுக்கிட்டு நடக்கணும். ரொம்ப நேரம் நடக்கணும்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மேடமும் கொசுவும் அவள் பின்னாலேயே இறங்கினார்கள். தெருவுக்கு வந்து காரின் கதவைத் திறந்தபோது மாடியில் அழுகை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பாட்டுச் சத்தம் நின்றிருந்தது. ஜன்னலுக்குள் அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.